கொக்கும் தவளையும் இருக்கட்டும், வயலைக் காயவிடுங்கள்

கேள்வி: நெல்வயலை ஒட்டிய மரத்தில் கொக்கும் வக்காவும் கூட்டமாக அடைகின்றன. வரப்போரம் பன்றிக் கொட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஈத்தில் பாதிக் குட்டிகள் செத்தே பிறந்தன. சில கறுத்துச் சுருங்கியிருந்தன. பறவையும் தவளையும் மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொண்டுவரும், மரத்தை வெட்டி, தவளை சாக வயலில் குருணை மருந்து போடுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். வீட்டில் சிறுபிள்ளைகள் உண்டு. செய்யலாமா?

பதில்: வேண்டாம். கொக்கு, வக்கா உடம்பில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பெருகும் என்பது உண்மைதான். பறவைக்கு நோவே தெரியாது. மரத்தை வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். தவளை மேல் இந்த நோய்க்குப் பழி போட ஆதாரமில்லை. ருஷ்யாவில் ஏரித்தவளையில் வெஸ்ட் நைல் என்ற வேறொரு வைரஸைக் கண்டிருக்கிறார்கள். அது வேறு கதை. குருணை விற்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். அந்த மருந்து கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சையும் நீர்ப்பூச்சியையும் சேர்த்துக் கொல்லும். சில நாளில் கொசு மட்டும் திரும்பி வரும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பன்றியைப் பற்றி. கொக்கிடமிருந்து கொசு எடுக்கும் வைரஸ் பன்றியில் வேகமாகப் பெருகும். சினைப்பன்றிக்கு இப்படித்தான் குட்டி செத்துப் பிறக்கும். ஆனால் பார்வோ வைரஸும் இதே வேலையைச் செய்யும். அதனால் அடுத்து இப்படி நடந்தால் செத்த குட்டியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். பொழுது சாயுமுன் கொட்டிலுக்குக் கொசுவலையை இறக்கிவிடுங்கள்.

இனி என் பழைய பாட்டு: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சுவது. இந்த வைரஸைப் பன்றியிடமிருந்து மனிதருக்குக் கடத்தும் கியூலெக்ஸ் கொசு பிறப்பது உங்கள் வயல் தண்ணீரில்தான். முட்டை கொசுவாக வெயில் காலத்தில் பத்து நாள் போதும். நட்டு இரண்டு வாரம் கழித்து, துளையிட்ட குழாயைப் புதைத்து, அதனுள் தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் பாய்ச்சுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். மேடுபள்ளம் இருந்தால் எல்லாம் வீண்: வயல் காய்ந்தாலும் குளம்படியில் தேங்கிய கையளவு நீரில் புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள், தெரியும். யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். அது போட்ட வயலில் புழு கூடும்.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. சுகாதார நிலையத்தில் இந்த வாரமே கேளுங்கள்.