சிரித்து மழுப்பும் கோபம் எங்கே போகிறது?

கேள்வி: வேலையில் யார் குறை சொன்னாலும் சிரித்தபடியே கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்திவிடுகிறேன். 'எமோஷனல் இன்டெலிஜென்ஸை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்கிறாள் மனைவி. அது பழகினால் வருமா?

பதில்: வரும். ஆனால் அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் உணர்வுசார் நுண்ணறிவு (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) என்று நினைத்திருக்கிறீர்கள் போல. 1990இல் இதைப் பற்றி எழுதிய உளவியலாளர்கள் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் இருவரும் பின்னாளில் இதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்வை இனங்காண்பது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அதன் காரணம் அறிவது, கையாள்வது. முதல் மூன்றையும் தாண்டி நீங்கள் நேராக நான்காவதில் குதிக்கிறீர்கள். அதையும் முகத்தளவில்தான் செய்கிறீர்கள். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் செய்த ஆய்வுகளில், உணர்வை வெளிக்காட்டாமல் அடக்கியவர்களின் உடல் படபடப்பு குறையவில்லை. நடந்ததைப் பற்றிய நினைவுதான் மங்கியது. சொன்ன குறை மனதில் நிற்காமல், பட்ட காயம் மட்டும் வீடுவரை வருவது இப்படித்தான்.

எனவே பெயரிடுவதில் தொடங்குங்கள். 'டென்ஷன்', 'மூடு சரியில்லை' என்பவை பெயர்கள் அல்ல. அவமானமா, பயமா, ஏமாற்றமா, வெறும் களைப்பா? அவமானம் என்றால் சொன்னவரிடம் தனியே பேச வேண்டும். களைப்பு என்றால் தூங்க வேண்டும். மருந்து வேறு வேறு.

வேலை முடிந்து கிளம்பும் முன் ஐந்து நிமிடம், மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது (தாடை இறுகியதா, வயிறு பிசைந்ததா), அதன் பெயர் என்ன. பெரும்பாலோர் தவறுவது முதல் வரியில்தான். 'என்னை மட்டம் தட்டினார்' என்பது உங்கள் தீர்ப்பு. 'அறிக்கையில் இரண்டு பிழை இருக்கிறது என்றார்' என்பதுதான் நடந்தது. மூன்றாவது வரியிலும் ஒரு பொறி உண்டு: 'மதிக்கவில்லை என்று உணர்கிறேன்' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு, உணர்வு அல்ல.

வீட்டில் சூடேறும்போது, "இருபது நிமிஷம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். படபடப்பு அடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். சொல்லாமல் எழுந்து போனால் மனைவிக்கு அது தண்டனையாகப் படும். அந்த இருபது நிமிடமும் அடுத்து என்ன பதிலடி கொடுப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் சூடு இறங்காது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து, நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

கத்துவது பொருள்களை எறிவதாகவோ கை ஓங்குவதாகவோ மாறியிருந்தால் மூன்று வரிக் குறிப்பு போதாது. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.