நாய்க்கு எந்த பாலிசி? வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் பொதுக் காப்பீட்டு நிறுவனமொன்றின் கிளெய்ம் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

மேடம், எங்கள் லேப்ரடார் ஜூலிக்கு மூன்று வயது. 12,000 ரூபாய்க்கு வாங்கினோம். போன வருஷம் உண்ணிக் காய்ச்சல் வந்து ஒன்பது தடவை டாக்டரிடம் போனதில் 11,400 ரூபாய் செலவு. காதில் சீழுக்காக இரண்டு தடவை போனதில் இன்னொரு 1,800. ஏஜென்ட் இரண்டு பாலிசி காட்டுகிறார். ஒன்று வருஷத்துக்கு 2,400 ரூபாய். இறப்பு, திருட்டு, ஆபரேஷன் மூன்றுக்கும் சேர்த்து 50,000 வரை. இன்னொன்று 7,900 ரூபாய். அதே பாதுகாப்போடு சாதாரண டாக்டர் செலவும் 15,000 வரை உண்டாம். பெரியதையே எடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

இரண்டு பாலிசியின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. எனக்கு வருகிற கடிதங்களில் பத்துக்கு ஒன்பது விளம்பரத் தாளோடுதான் வருகின்றன.

ஒரு பழைய கதை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிராமம் கிராமமாகப் போய் செத்துப்போன கறவை மாட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். முதலில் பார்ப்பது காதைத்தான். காப்பீடு செய்த மாடு இதுதான் என்று காட்டும் வில்லை காதில் இருந்தால் கிளெய்ம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வில்லை எங்கோ வேலியில் சிக்கி அறுந்துபோன மாட்டுக்காரர் என் முன்னால் நின்று அழுதிருக்கிறார். நாய் பாலிசி நம் ஊரில் அந்த மாட்டு பாலிசிக்குத் தங்கச்சி மாதிரி. பழைய பாலிசிகளில் முக்கியமான பாதுகாப்பே இறப்புக்குத்தான். செத்தால் காப்பீட்டுத் தொகை அல்லது சந்தை மதிப்பு, எது குறைவோ அது. மாட்டுக்கு அது சரி, ஏனென்றால் அது போனால் வீட்டு வருமானமே போகிறது. ஜூலி செத்தால் உங்களுக்குப் பண நஷ்டமா? 12,000 ரூபாய் நாய்க்கு 50,000 என்று போட்டிருக்கிறார் ஏஜென்ட். ஜூலி செத்தால் அந்த 50,000 ஒருநாளும் கைக்கு வராது. ஆகவே இறப்பு என்ற வரியை மறந்துவிட்டு, உயிரோடிருக்கும் நாய்க்கு என்ன தருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

பெரிய பாலிசியின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பதற்கு அதிகபட்சம் 700 ரூபாய், அதிலும் 20 சதவீதம் உங்கள் பங்கு. போன வருஷம் நீங்கள் போனது பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் 700-ஐத் தாண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். பதினொன்றுக்கு 7,700. உங்கள் 20 சதவீதம் போக 6,160. சின்ன பாலிசியைவிட இதற்கு நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 5,500. மிச்சம் 660 ரூபாய்! அதுவும் அந்த மாதிரி மோசமான வருஷத்தில். நல்ல வருஷத்தில் 5,500-உம் போனதுதான்.

இன்னொன்று, போன வருஷம் வந்த உண்ணிக் காய்ச்சலை விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். 'அதைச் சொல்ல வேண்டாம் மேடம்' என்று ஏஜென்ட் சொல்வார். கிளெய்ம் சமயத்தில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளும் மருந்துச் சீட்டும் எங்கிருந்தாவது வந்துவிடும். நானே அப்படிக் கண்டுபிடித்தவள்தான்.

சரி, அப்போது சின்னது போதுமா? போதும், ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு. ஜூலிக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயது ஏற ஏற கருப்பையில் சீழ் கோர்க்கிற ஆபத்து உண்டு. வந்தால் பெரும்பாலும் உடனே ஆபரேஷன். லேப்ரடார் என்பதால் சாக்ஸ், மாங்கொட்டை எதையாவது விழுங்கிவிட்டு வயிற்றைத் திறக்கவும் நேரலாம். உங்கள் நகலில் 'விபத்தால் ஏற்படும் அறுவைச் சிகிச்சை' என்று ஒரு இடத்திலும், வெறுமனே 'அறுவைச் சிகிச்சை' என்று இன்னொரு இடத்திலும் இருக்கிறது. நோயால் வரும் ஆபரேஷனும் உண்டா என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வையுங்கள். ஏஜென்ட் போனில் சொன்னது செல்லாது. 'உண்டு' என்று வந்தால் 2,400-ஐக் கட்டுங்கள். 'இல்லை' என்றால் இரண்டுமே வேண்டாம், வேறு நிறுவனம் பாருங்கள். எதை எடுத்தாலும் காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். அது பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்த நாட்களுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது.

கருத்தடைக்கு எந்த பாலிசியும் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் 5,500-ஐ அதற்குச் செலவழியுங்கள்.

இப்போது என் வீட்டுக் கதை. என் நாய் கருப்பன், கோம்பை கலப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் பைக் மோதி பின்கால் முறிந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன். பாலிசி இருந்ததால் தைரியமாக இருந்தேன். நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: ரேபிஸ் தடுப்பூசித் தேதி தாண்டி 40 நாள், நிபந்தனை மீறல், கிளெய்ம் நிராகரிப்பு. முப்பது வருஷம் மற்றவர்களுக்கு நான் எழுதிய அதே வாக்கியம், அதே நடை! படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எலும்பு முறிந்ததற்கும் ரேபிஸ் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். முக்கால் பங்கு வந்தது. மருந்துக்கடை பில்களில் சிலவற்றை மட்டும் ஏற்கவே இல்லை, ஏனென்றால் அவற்றில் நாயின் பெயர் இல்லை, என் பெயர்தான் இருந்தது. அன்றிலிருந்து கடையில் 'கருப்பன், நாய்' என்று எழுதச் சொல்லித்தான் பில் வாங்குகிறேன். கடைக்காரப் பையன் இப்போது என்னையே அப்படித்தான் கூப்பிடுகிறானோ என்று சந்தேகம்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியும் 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் பிடிக்காவிட்டால், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஐம்பது நாள் ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்கிறேன். தட்டைத் தட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போதே பாலிசி எடுத்தால் காதுக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?
– வாசகர், சிவகாசி

முடியாது தம்பி. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருப்பது தெரிந்த விஷயம். பிறவிக் குறைகளை பாலிசிகள் ஒதுக்கிவிடுகின்றன. பல பாலிசிகளில் குறைந்தபட்ச வயதும் உண்டு. முதலில் தடுப்பூசிகளை முடியுங்கள், தடுப்பூசிப் புத்தகம் இல்லாமல் யாரும் பாலிசி தரமாட்டார்கள்.

ஆனால் உங்களுக்கு ஒன்று தேவைப்படும்: மூன்றாம் நபர் பொறுப்பு. காது கேட்காத நாயைத் தூங்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். கடிபட்டவருக்கு நீங்கள் சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டை அந்தப் பகுதி ஏற்கும். அபராதத்தை ஏற்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில், வளர்ப்புப் பிராணியைக் கவனக்குறைவாக விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலிசி இருக்கிறதே என்று வாசலில் அவிழ்த்துவிடாதீர்கள்.

அப்புறம் மைக்ரோசிப், நாயை அடையாளம் காட்டும் சின்னச் சில்லு. 15 இலக்க எண், கழுத்துத் தோலுக்கடியில் ஒரு ஊசியோடு முடிந்துவிடும். மாட்டின் காது வில்லை மாதிரி வேலியில் அறுந்து போகாது. சில நிறுவனங்கள் அதற்காக பிரீமியத்தில் கொஞ்சம் குறைக்கவும் செய்கின்றன.

தெருவில் எடுத்து வளர்த்த நாய், பத்து வயது. பாலிசி கிடைக்குமா மேடம்?
– வாசகி, சென்னை

தெருநாய் என்பது தடையில்லை, நாட்டு நாய்க்கும் தருகிறார்கள். வயதுதான் தடை. பத்து வயதில் புதிதாகச் சேர்ப்பவர்கள் அரிது. கிடைத்தாலும், முன்பே இருந்த நோய் என்று ஒரு வரியை வைத்தே பாதியைக் கழித்துவிடுவார்கள்.

பாலிசிக்குப் பதிலாக வங்கியில் மாதம் 500 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கு போடுங்கள், ஒரு வருஷக் கணக்கு போதும். உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது: வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. கட்டணம் தனியாரைவிடக் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். நாய்க்குக் குடிக்கத் தண்ணீரும், முகத்துக்கு ஒரு வாய்க்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வரிசையில் ஆடும் மாடும் நிற்கும், உங்கள் நாய் அதையெல்லாம் பார்த்திருக்காது.