பழைய நிலத்தடிச் சுரங்கத்தைப் பார்க்கப் போகும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேட்டிருப்பது இது: ஐரோப்பியப் பயணத்தில் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் இறங்கிப் பார்க்க ஆசை. என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது, முழங்கால் வலி உள்ளவர்களும் அடைத்த இடம் என்றால் பயப்படுகிறவர்களும் வரலாமா?

அங்கே எதை வெட்டி எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். உடை, செருப்பு, பை, போன் எல்லாவற்றுக்கும் விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. உப்பு, செம்பு, நிலக்கரி மூன்றும் மூன்று விதம்.

உப்புச் சுரங்கம்தான் மூன்றில் இலகுவானது. போலந்தில் கிராக்கோவ் நகரத்தை ஒட்டியுள்ள வியெலிச்கா 13ஆம் நூற்றாண்டிலிருந்து தோண்டப்பட்டது; 1978இல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றது. உள்ளே 17, 18 டிகிரி செல்சியஸ். வெளியே பனி கொட்டினாலும் வெயில் அடித்தாலும் பெரிய மாற்றமில்லை. முழுக்கைச் சட்டையும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் போதும். சுரங்கத்தின் அடி ஆழம் 327 மீட்டர் என்றாலும் சுற்றுலாப் பாதை 135 மீட்டரோடு நின்றுவிடும். வழிகாட்டி இல்லாமல் தனியாகச் சுற்ற முடியாது. இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும்.

ஆனால் படிகளைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே மரப்படிக்கட்டில் ஏறத்தாழ 380 படி இறங்கினால்தான் 64 மீட்டர் ஆழத்திலுள்ள முதல் தளம் வரும். முழுப் பாதைக்கும் சேர்த்தால் 800 படி வரை. மேலே வருவது லிஃப்டில்தான் என்று கேட்டுவிட்டுப் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். முழங்காலுக்குச் சிரமம் கொடுப்பது இறக்கம்தான். படி சின்னச் சின்னச் சுற்றாகத் திரும்பிக்கொண்டே போவதால் பாதியில் தலை சுற்றும். சுற்றின் வெளிப்புறமாக, கைப்பிடியில் கை வைத்தபடி, பார்வையைக் காலடியில் வைக்காமல் நாலைந்து படி தள்ளி வைத்து இறங்கினால் சுற்றல் குறையும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு லிஃப்டில் இறங்க ஏற்பாடு உண்டா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். வாசலில் வந்து நின்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உப்புச் சுரங்கத்துக்கு எதிரி தண்ணீர். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக் கரையத் தொடங்கும். கோடைக்காற்று அப்படியே உள்ளே போனால் உப்பில் செதுக்கிய சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிவிடும். தொடாதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான். கையில் உள்ள வியர்வையும் தண்ணீர்தானே. 101 மீட்டர் ஆழத்தில் இருக்கும் புனித கிங்கா தேவாலயத்துக்குள் போனதும் கூரையைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். பதித்த கல் மாதிரி தெரிவது உண்மையில் உப்புப் பாறையிலேயே செதுக்கிய கோடுகள். 54 மீட்டர் நீளமும் 12 மீட்டர் உயரமும் கொண்ட இந்தக் கூடத்தைச் சுரங்கத் தொழிலாளிகளே செதுக்கினார்கள். வேலை 1896இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீண்டது. சுவரில் செதுக்கிய, இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவுக் காட்சியில் மேசையும் ஆட்களும் ஆழமாகப் பின்னுக்குப் போவதுபோல் இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் எவ்வளவு மெல்லிய புடைப்பு என்று தெரியும். இங்கே கூட்டத்தோடு நகர்ந்துவிடாதீர்கள், இருக்கிற நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செம்பு, இரும்பு போன்ற உலோகச் சுரங்கங்களின் கதை வேறு. ஆழம் குறைந்த இடத்தில், காற்றைச் சூடாக்காவிட்டால், பாறையின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி இருக்கும். அதனால்தான் ஸ்வீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கத்தில் நடுக்கோடையிலும் 5, 6 டிகிரிதான். 67 மீட்டர் ஆழம், 400 படி அளவுக்கு நடை. அரைக்கால்சட்டையோடு வந்தால் ஒரு மணி நேரம் நடுங்க வேண்டியதுதான். மேலே போட்டுக்கொள்ள அங்கியும் ஹெல்மெட்டும் தருவார்கள். காலுறையும் அடிப்பிடிப்புள்ள மூடிய ஷூவும் உங்கள் பொறுப்பு. கூரையிலிருந்து சொட்டும் நீரில் இரும்புத் துரு கலந்திருக்கும், வெள்ளை ஷூவில் பட்டால் போகாது. கைப்பிடிகள் ஈரமாகவும் சில்லென்றும் இருப்பதால் மெல்லிய கையுறை உதவும்.

ஃபாலுனில் கீழே இறங்குவதோடு நில்லாமல் மேலே இருக்கும் பெரும்பள்ளத்தையும் பார்த்தே ஆக வேண்டும். 1687இல், அளவில்லாமல் குடைந்ததால் மூன்று பெரிய குழிகளுக்கு இடையே இருந்த சுவர்கள் சரிந்து உருவானது அது. கோடை விழா விடுமுறை நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில்தான் விதிகள் மிகக் கடுமை, காரணம் நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் என்ற எரிவாயு. காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறியே வெடிக்கப் போதும். வேல்ஸில் உள்ள பிக் பிட் 1980இல் உற்பத்தியை நிறுத்தி, 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இன்றும் கூண்டில் (சுரங்க லிஃப்டில்) 90 மீட்டர் இறங்கும் முன் போன், மின்கலக் கடிகாரம், லைட்டர், ரிமோட் உள்ள கார்ச்சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கீழே படம் எடுக்க வாய்ப்பே இல்லை என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். காது கேட்கும் கருவி போன்ற மருத்துவச் சாதனம் இருந்தால் வரிசையில் நிற்கும்போதே சொல்லுங்கள். ஹெல்மெட், தலைவிளக்கு, இடுப்பு பெல்ட்டில் மின்கலமும் ஆபத்துக்கால சுவாசக் கருவியும் என்று ஐந்து கிலோ அளவுக்குச் சுமை ஏறும். பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்குங்கள், தளர்ந்தால் நடக்க நடக்கக் கீழே இழுக்கும்.

அங்கே காற்றோட்டக் கதவுகளைக் கவனியுங்கள். இருபுறமும் காற்றழுத்தம் வேறுபடுவதால் பெரியவர்களுக்கே தள்ள வலுவேண்டும். 1842இல் பிரிட்டனில் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கிச் சட்டம் வரும்வரை, நிலக்கரிச் சுரங்கங்களில் இப்படிப்பட்ட கதவுகளை இருட்டில் உட்கார்ந்து திறந்து மூடியவர்கள் குழந்தைகள். வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லும் அந்தச் சில நொடிகளில் பேச்சை நிறுத்திவிட்டு இதை நினைத்துக்கொண்டு நில்லுங்கள்.

எந்தச் சுரங்கமானாலும் தலையில் இடிபடுவதுதான் அதிகம் நடப்பது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு மேல்பார்வையை மறைக்கிறது. அதோடு உங்கள் உயரமும் சில சென்டிமீட்டர் கூடிவிடுகிறது. தாழ்ந்த இடத்தில் கழுத்தைக் குனியாமல் முழங்காலை மடக்குங்கள். ஹெல்மெட்டின் பின்னால் உள்ள திருகை, தலையைக் குனிந்தாலும் நழுவாத அளவு இறுக்குங்கள். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் தலைவிளக்கு அவர் கண்ணைக் கூசவைக்கும், சற்றுத் தாழ்த்திப் பேசுங்கள்.

அடைத்த இடத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கூடங்கள் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை, லிஃப்ட்தான் தரும். சுரங்கக் கூண்டு சின்னது, ஆட்களை நெருக்கி ஏற்றுவார்கள், வெளிச்சம் குறைவு. பயணம் என்னவோ நிமிடக்கணக்குகூட இல்லை. வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டுக் கடைசியில் ஏறிக் கதவோரம் நில்லுங்கள். நடக்கும்போது குழுவின் முன்பகுதியில், வழிகாட்டிக்கு அடுத்து இருங்கள். நடுவில் மாட்டினால் முன்னும் பின்னும் ஆள் அடைத்துக்கொள்வதே பயத்தைக் கூட்டும். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேலியோ ஆளோ இல்லாத கைவிடப்பட்ட சுரங்க வாயைப் பார்த்தால் எட்டிப் பார்க்கக்கூட உள்ளே போகாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது; மூச்சு முட்டுகிறது என்று உணரும் முன்பே கால் மடங்கிவிடும். தரை போலத் தெரிவது ஆழ்குழியை மூடிய உளுத்துப்போன பலகையாக இருக்கலாம்.

திரும்பும் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ சுற்று முடியும் நேரத்திலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கூட்ட நாட்களில் மேலே வர லிஃப்டுக்கே வரிசை நிற்கும். குளிர்ந்த சுரங்கத்திலிருந்து வெக்கையான வெளிக்காற்றுக்கு வந்ததும் கேமரா லென்ஸில் நீர் படியும்; ஏறும் முன்பே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே வந்து இருபது நிமிடம் கழித்துத் திறங்கள். உப்புச் சுரங்கத்துக்குக் கொண்டுபோன கேமராவை அன்றே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.