தத்துவ மாநாட்டில் முதல் கட்டுரை வாசிக்க எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

முதுகலை படிக்கும்போதே மாநாட்டில் கட்டுரை வாசிக்க முடியுமா, அறிவிப்புகளை எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். பில்ஈவென்ட்ஸ் தளத்தில் மாநாடு, பயிலரங்கு, கட்டுரை அழைப்பு எல்லாம் கடைசித் தேதியோடு இருக்கும், வேலைவாய்ப்புகளுக்கு பில்ஜாப்ஸ். 1900இல் பாரிஸில் தொடங்கிய உலகத் தத்துவ மாநாடு 2024இல் ரோமில் நடந்தது. அப்படிப் பெரிய மாநாடுகளும் உண்டு, ஆனால் முதல் முயற்சிக்கு மாணவர் மாநாடுகளே நல்லது என்பேன்.

விண்ணப்பிக்க அனுப்பும் கட்டுரைச் சுருக்கத்தை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'சுதந்திர விருப்பம் பற்றி ஆராய்கிறேன்' என்றால் போதாது. யாருடைய வாதத்தை, அதன் எந்தப் படியில் மறுக்கிறீர்கள் என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பெயர் மறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். கோப்பின் விவரங்களிலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் அழித்துவிடுங்கள். அப்புறம், பயண உதவி உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.