மதியம் ஏன் கண் சொக்குகிறது? – கேள்வி பதில்

பென்னாகரம்: சோறு சாப்பிட்டதும் தூக்கம் சொக்குகிறதே, ஏன்?

மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது சர்க்கரையோடு லியூசின் போன்ற அமினோ அமிலங்களையும் (புரதத்தின் சிறு துண்டுகள்) தசைக்குள் தள்ளிவிடும். ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் மட்டும் பெரும்பாலும் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. மூளைக்குள் நுழைய இந்த அமினோ அமிலங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தான். போட்டி குறைந்ததும் டிரிப்டோபான் கூடுதலாக உள்ளே போய், தூக்கத்துக்குத் துணைபோகும் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் ஆகிறது. பலரும் சொல்வது இத்தோடு நின்றுவிடும். ஆனால் கூடவே கொஞ்சம் பருப்போ முட்டையோ சேர்ந்தாலே இந்த விளைவு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் முழுப்பழியையும் இதன் மேல் போட மாட்டேன். சாப்பிடாவிட்டாலும் மதியம் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் உடல் கடிகாரம் ஒரு சுற்று மந்தமாகும். அந்த நேரம் பார்த்துத் தட்டு நிறையச் சோறு போட்டால் கேட்கவா வேண்டும்? சாப்பிட்ட கையோடு தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டாதீர்கள்.

பாலக்கோடு: ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடுவதால்தானே?

இல்லை. மூளைக்குப் போகும் ரத்தத்தை உடல் விட்டுக்கொடுக்காது.

ஓசூர்: நைட் ஷிப்டில் கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிறகு விழிக்கவே முடியவில்லை.

விடியற்காலை மந்தம் மதியத்தைவிடக் கடுமையானது. சோற்றைப் பாதியாக்கி, சுண்டலோ முட்டையோ சேருங்கள். ஷிப்ட் முடிந்து பைக்கில் போகும்போது கவனம்.

அரூர்: கேழ்வரகுக் களி சாப்பிட்டால் தூக்கம் வராதல்லவா? தாத்தா களி தின்றுவிட்டு நாளெல்லாம் உழுதார்.

தாத்தா உழுதார், நீங்கள் நாற்காலியில் உட்காருகிறீர்கள். உழைக்கும் தசை சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். 100 கிராம் கேழ்வரகு மாவிலும் சுமார் 70 கிராம் மாவுச்சத்துதான்.

காவேரிப்பட்டணம்: களியைக் குறை சொல்லாதீர்கள் ஐயா! அரிசி வந்த பிறகுதான் நோயே வந்தது.

நானும் களிக்காரன்தான். அதில் நார் உண்டு, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. ஆனால் நைசாக அரைத்து, கிளறி, உருண்டை உருண்டையாய் விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உருண்டையின் அளவைப் பேசுங்கள், தானியத்தின் ஜாதகத்தை அல்ல.

மொரப்பூர்: சோறு தின்றால் தூக்கம் ஏன் வருகிறது?

மேலே எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

பாப்பாரப்பட்டி: எனக்கும் அதேதான். தாகமும் அதிகம், இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் போகிறேன்.

உங்களுக்கு இது அதே கேள்வி இல்லை. நாளைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள்.

ஊத்தங்கரை: சரி, களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரையா, கொள்ளா?

கொள்ளு. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். கீரையை ஒதுக்கச் சொல்லவில்லை, அடுத்த சண்டையை ஆரம்பிக்காதீர்கள்.