தூக்கத்தில் மூச்சு நிற்கக் கழுத்துக் கட்டி காரணமாகுமா?

ராயபுரத்தில் இருக்கும் உங்கள் அப்பா குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார். கழுத்தில் கட்டி இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் அபூர்வம். பெரும்பாலும் உடல் எடையும் தூக்கத்தில் தளரும் தொண்டைத் தசையும்தான் காரணம்.

அரிதாகத் தொண்டைக்குப் பக்கவாட்டில், ஆழத்தில் கட்டி வளரும். அநேகமாகப் புற்றுநோயாக இருக்காது. வலியும் இராது, சின்னதாக இருக்கும்வரை கையிலும் படாது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். அது டான்சிலை உள்ளே தள்ளி மூச்சுவழியைக் குறுக்கிவிடும்.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உள்நாக்கை நோக்கிப் புடைத்திருக்கிறதா? வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறியிருக்கிறதா? அப்படியானால் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், ஸ்கேனில் தெரிந்துவிடும். புடைப்பு இல்லையென்றாலும் போங்கள், தூக்கப் பரிசோதனை எப்படியும் வேண்டும்.