ராஜபாளையம் குட்டி வாங்கும் முன் காதைப் பாருங்கள்

கேள்வி: புளியங்குடி பக்கம் எலுமிச்சைத் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வயதான அம்மா, 10 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு ஆடு, கொஞ்சம் நாட்டுக்கோழி. நாலு மாதத்துக்கு முன் சந்தையில் ஒரு நாய்க்குட்டி வாங்கினோம். வந்த ஆறாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். பத்தாம் நாள் இறந்துவிட்டது. சின்னவள் இன்னும் அதைச் சொல்லி அழுகிறாள். இப்போது தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ராஜபாளையம் ஈன்றிருக்கிறது. சுத்த வெள்ளைக் குட்டிகள், 30 நாள் ஆகிறது, ஒரு ஊசி போட்டாச்சு, உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இந்தத் தடவை நல்ல குட்டியாக எப்படிப் பார்த்து எடுப்பது ஐயா?

பதில்: முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தக் குட்டி போனதற்கு அவள் காரணம் இல்லை. நீங்கள் சொல்கிற வாந்தியும் ரத்தக் கழிச்சலும் பெரும்பாலும் பார்வோ என்கிற வைரஸ் நோய்தான். கிருமி உடம்புக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆறாம் நாளே தெரிந்திருப்பதால், சந்தையில் வாங்கும்போதே குட்டி நோயைச் சுமந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் குட்டியை உடனே எடுக்காதீர்கள். 30 நாளில் தாயிடமிருந்து பிரித்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போதுதான், ஓங்கிக் கடித்தால் எதிரிக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. கடிபட்ட குட்டி கத்தும், விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் அடக்கும். இந்தப் பாடம் படிக்காமல் வரும் குட்டி உங்கள் பிள்ளைகளின் கையில்தான் பல் பதித்துப் பழகும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளும் சொல்கின்றன.

வயதை அவர் வாய்வார்த்தையில் நம்ப வேண்டாம். ஆட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இது எளிது. குட்டியின் உதட்டை ஓரமாக ஒதுக்கிப் பாருங்கள். முன்பல்லும் கோரைப்பல்லும் மட்டும் எட்டிப் பார்த்து, கடைவாயில் வெறும் ஈறாக இருந்தால் அது சின்னக் குட்டி. மேலும் கீழும் இரு பக்கத்திலும் மும்மூன்று கடைவாய்ப் பால்பல் முளைத்து, மொத்தம் 28 பல் வந்திருந்தால் ஆறு வாரத்தைத் தாண்டியிருக்கும். அப்படியே ஈறின் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தை உறிஞ்சுவதாக இருக்கலாம்.

இனி காது. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. எனக்கும் மிகப் பிடித்த இனம். ஆனால் அந்த வெள்ளையிலேயே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருந்தால்தான் கேட்கும் நரம்பு உயிரோடு இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றுக்கு அந்த அணுக்கள் உட்காதில் இருப்பதில்லை. பிறந்து மூன்று நான்கு வாரத்திலேயே செவிடாகிவிடும். கண் நீலமாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூட. ஓடி விளையாடும், வாலாட்டும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மற்ற குட்டிகள் எழுந்து ஓடுவதைக் கண்டு தானும் ஓடுவதால் வளர்த்தவருக்கே தெரியாமல் போவதும் உண்டு.

அதனால் குட்டியைத் தனியாகத் தூக்கி வந்து வேறு அறையில் விடுங்கள். அது தூங்கும்போதோ வேறெங்கோ பார்க்கும்போதோ, பின்னால் நான்கைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தட்டக்கூடாது, தரை அதிர்ந்தே திரும்பிவிடும். பக்கத்தில் கை தட்டினாலும் காற்றுப்பட்டுத் திரும்பும். சாவி, விசில், தட்டில் கரண்டி என்று சத்தத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். காது நிமிராமல், தலை திரும்பாமல் இருந்தால் அந்தக் குட்டி உங்கள் தோட்டத்துக்கு வேண்டாம். டிராக்டர் வருவது தெரியாது, பின்னாலிருந்து பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். சைகையில் பழக்கி வளர்க்க நேரம் உள்ளவர் வீட்டில் அதுவும் நன்றாகவே வாழும், குப்பையில் விடத் தேவையில்லை. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி சத்தம் வந்த பக்கம் தெரியாமல் தடுமாறும். அதை வீட்டுச் சோதனையில் உறுதியாகச் சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் ஒரு பார்வையில் முடிந்துவிடும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடியக்கூடாது. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால் புழு. தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். கண்ணைச் சுற்றியும் வாயோரமும் முடி உதிர்ந்திருந்தால் சொறி அல்லது படர்தாமரை, இதில் படர்தாமரை பிள்ளைகளுக்கும் ஒட்டும். அந்த ஈத்தில் ஒரே ஒரு குட்டிக்குக் கழிச்சல் இருந்தாலும் ஒன்றையும் எடுக்காதீர்கள். தாயை அவசியம் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆளைக் கண்டதும் ஒடுங்குகிற, அல்லது காரணமில்லாமல் பாய்கிற தாயின் குட்டிக்கும் அந்தக் குணம் வரலாம். மூலையில் பதுங்குவதும் வேண்டாம், எல்லாவற்றையும் ஏறி மிதிப்பதும் வேண்டாம். கூப்பிட்டால் வந்து முகர்ந்து, தூக்கினால் கொஞ்சம் திமிறி அடங்குகிற குட்டிதான் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருத்தம்.

‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறாவது வாரத்துக்கு மேல் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என 16 வாரம் வரை போடுகிறோம். 30 நாளுக்குள் போட்டது பாதுகாப்பு ஆகாது.

உங்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம். பார்வோக் கிருமி மண்ணில் பல மாதம், நிழலான ஈர இடத்தில் ஒரு வருடம்கூட, சாகாமல் கிடக்கும். சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் சாகும். மண் தரையில் அது எடுபடாது. பழைய குட்டியின் சாக்கு, தட்டு, கயிறு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். என் யோசனை, இந்த ஈத்தில் நல்ல குட்டி ஒன்றைப் பேசி வைத்து, ஊசிச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, 16 வாரம் முடிந்து இன்னும் இரண்டு வாரம் வரை அவர் வீட்டிலேயே வளர்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை பிள்ளைகள் போய்ப் பார்த்து விளையாடட்டும், முகம் பழகிவிடும். அவர் சம்மதிக்காவிட்டால் 8 வாரத்தில் எடுத்து, ஊசிகள் முடியும்வரை முற்றத்தில் இறக்காமல் வீட்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் வையுங்கள். தோட்டத்து மண் ஒட்டிய செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, குட்டியின் பல்லோ நகமோ பிள்ளைகள் மேல் பட்டுக் கீறினால், ரத்தம் வராவிட்டாலும், குட்டிதானே என்று விடாமல் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கோழியும் ஆடும் கண்ணில் படுகிற மாதிரி, ஆனால் துரத்த முடியாதபடி, முதல் சில வாரம் கயிற்றில் பிடித்துப் பழக்குங்கள். சாப்பாடு வைக்கும் வேலையைச் சின்னவளிடமே கொடுங்கள். குட்டி சாப்பிடும்போது தொடாமல் தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.